கிண்ணத்தைக் கையில் எடு: ஜப்பானில் குச்சியால் உண்ணக் கற்ற பயணம்

ஜூன் 11, கியோட்டோ

கன்சாய் விமான நிலையத்திலிருந்து மகளின் அறைக்கு வந்து பெட்டியைக் கீழே வைத்ததும் மழை பிடித்துக்கொண்டது. இங்கே ஜூன் தொடங்கினால் மழைக்காலம். ஜூலை நடுவில்தான் விடும். எங்கள் நாகப்பட்டினத்து ஐப்பசி மழை கொட்டித் தீர்த்துவிட்டு வெயிலுக்கு வழிவிடும். இது காலை முதல் இரவு வரை ஒரே சீராகத் தூறிக்கொண்டே இருக்கிறது. புழுக்கம் மட்டும் நம்மூர்ப் புழுக்கம்தான்.

மகள் இங்கே பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவி. இந்த நாட்டில் இருக்கும்வரை முட்கரண்டி கேட்பதில்லை, இவர்களின் சாப்ஸ்டிக் குச்சியால்தான் உண்பது என்று விமானம் ஏறும்போதே முடிவு செய்திருந்தேன். ஓர் ஊர்ச் சோற்றை அந்த ஊரார் உண்ணும் விதத்தில் உண்ணாவிட்டால் பாதிச் சுவை நம்மை வந்து சேராது என்று நம்புகிறவள் நான். வாழையிலைச் சோற்றைக் கரண்டியால் உண்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் அவர்கள் இழப்பது எவ்வளவு என்று வருந்தியிருக்கிறேன். அதே இழப்பு எனக்கு இங்கே வேண்டாம்.

முதல் சாப்பாடு தெருமுனை உடோன் கடையில். பத்துப் பேர் உட்கார்ந்தால் நிறைந்துவிடும் இடம். ஒரு கிண்ணம் 650 யென். (100 யென்னை ஏறத்தாழ 60 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் கணக்கு எளிது.) தடித்த வெள்ளைக் கோதுமை இழைகள், மேலே நறுக்கிய பொரித்த டோஃபு (சோயாப் பால்கட்டி), வெங்காயத்தாள். சாறு தெளிவானது, கடற்பாசியும் உலர்த்திச் சீவிய சூரை மீனும் சேர்த்து எடுப்பது. மோந்து பார்த்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது, இது நம் மாசிக் கருவாட்டின் உறவு. சைவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: மேலே காய்கறி மட்டுமே மிதந்தாலும் இந்த நாட்டின் பெரும்பாலான சாறுகளுக்கு அடியில் மீன் இருக்கிறது.

குச்சி பிடிக்கும் பாடம் அங்கேயே தொடங்கியது. ஒரு குச்சி பெருவிரல் கவட்டில் படிந்து மோதிரவிரலின் பக்கவாட்டில் தங்குகிறது. மற்றதைப் பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் பேனா பிடிக்கும் பிடியில் பிடிக்கின்றன. "அம்மா, கீழ்க்குச்சியை அசைக்காதே. மேல்குச்சி மட்டும்தான் வேலை செய்யும்" என்றாள் மகள். சாப்ஸ்டிக் என்றால் இரண்டு குச்சியும் இடுக்கியாக அசையும் என்று நினைத்திருந்தேன். ஒன்று அசையாமல் கிடந்தால்தான் மற்றதற்குப் பிடிமானம் கிடைக்கிறது.

கடையில் இருந்தவை வழவழப்பான பிளாஸ்டிக் குச்சிகள். உடோன் இழை நழுவி நழுவிச் சாற்றில் விழுந்து என் புடவை முந்தானையெல்லாம் தெறித்தது. கடைக்கார அம்மாள் கவனித்துக்கொண்டிருந்திருக்கிறார். முட்கரண்டியோடு வருவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ காகித உறையிலிட்ட மரக்குச்சி ஒன்றை இரு கைகளாலும் என் முன்னால் வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார். சீவிய மரத்தின் சொரசொரப்பில் இழை நின்றது. கற்றுக்கொள்ள வந்தவளின் கையிலிருந்து பாடத்தைப் பிடுங்காமல் அதைச் சற்று எளிதாக்கித் தந்த அந்தப் பண்பை மறக்கமாட்டேன்.

ஜூன் 12, கியோட்டோ

காலையில் நிஷிகி சந்தை. ஒடுக்கமான ஒற்றைத் தெரு, மேலே கூரை, அதனால் மழையிலும் நிம்மதியாக நடக்கலாம். ஊறுகாய்ப் பீப்பாய்கள், கடல் விலாங்கு, சுருட்டிய முட்டை. குச்சிகளுக்கென்றே கடையும் உண்டு. இங்கே ஒன்றும் வாங்காதே, குச்சி செய்யும் ஊருக்கே நாளை போகிறோம் என்று மகள் தடுத்துவிட்டாள்.

மதியம் வீட்டுச் சமையல் பாணிக் கடை ஒன்றில் சாப்பாடு, 1,300 யென். ஒரு தட்டத்தில் சோறு, மிசோ (புளித்த சோயா விழுது) சூப், வேகவைத்த பரங்கித் துண்டு, எள் தூவிய கீரை, ஒரு துண்டு மீன், ஊறுகாய். எல்லாம் சின்னச் சின்ன பாத்திரங்களில்.

இந்தத் தட்டத்தின் முன்னால்தான் எனக்கு விஷயம் விளங்கியது.

அதுவரை என் கவனமெல்லாம் வலக்கை விரல்களில் இருந்தது. சோற்றுக் கிண்ணம் மேசையில், என் வாய் அதற்கு ஒரு முழ உயரத்தில். எடுக்கும் ஒவ்வொரு கவளமும் அந்தத் தொலைவைக் கடந்து வரவேண்டும். பாதி வழியில் சிந்தியது. மகள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "அம்மா, கிண்ணத்தைக் கையில் எடு" என்றாள். இடக்கைப் பெருவிரல் கிண்ண விளிம்பில், மற்ற நான்கு விரல்களும் அடியில். கிண்ணத்துக்கு அடியில் ஒரு வளைய அடித்தளம் வைத்திருக்கிறார்கள். சூடு விரலைத் தொடுவதில்லை. அதை நெஞ்சுக்கு நேரே தூக்கிப் பிடித்ததும் தொலைவு நான்கு விரற்கடையாகச் சுருங்கியது. சிந்துவது நின்றது.

குச்சியைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் வலக்கையைப் பற்றியே எழுதுகிறார்கள். என்னைக் கேட்டால் பாதிப் பாடம் இடக்கையில் இருக்கிறது. நமக்குக் கடினமும் அதுதான். சாப்பிட உட்கார்ந்தால் இடக்கை மடியில் இருக்கவேண்டும், எச்சில் பாத்திரத்தைத் தொடக்கூடாது என்று வளர்ந்த உடம்பு இது. தண்ணீர்த் தம்ளர் எடுப்பதற்கும் பரிமாறுவதற்கும் மட்டுமே அதற்கு உரிமை. அந்தக் கையால் உண்கலத்தையே தூக்கி முகத்தருகே கொண்டுபோவதற்கு எனக்கு உள்ளூர ஒரு கூச்சம் இருந்தது. சுற்றிலும் பார்த்தேன். பக்கத்து மேசை அலுவலர், எதிரே பள்ளிச் சிறுமி, வாசலருகே ஒரு கிழவர், எல்லார் இடக்கையிலும் கிண்ணம். கிண்ணத்தை மேசையில் விட்டுவிட்டுக் குனிந்து உண்பதுதான் இங்கே அநாகரிகம்.

பிறகு ஒவ்வொன்றாகப் புரிந்தது. இந்த அரிசி குட்டையானது, வெந்தால் ஒட்டிக்கொண்டு கட்டியாக வரும். நம் பொன்னியை இந்தக் குச்சியால் எடுக்க நினைப்பதே வீண். மிசோ சூப்புக்குக் கரண்டி கிடையாது. கிண்ணம் மரத்தாலானது, அரக்குப் பூச்சுப் பூசியது. கொதிக்கும் சூப்பை ஊற்றினாலும் கையில் பிடிக்கலாம். உதட்டில் வைத்துக் குடிக்கிறார்கள், டோஃபு துண்டுகளைக் குச்சியால் தடுத்துப் பிறகு எடுக்கிறார்கள். வெட்டுகிற வேலையெல்லாம் சமையலறையிலேயே முடிந்துவிடுவதால் மேசைக்குக் கத்தி வருவதில்லை. அரிசி, கிண்ணம், வெட்டு, குச்சி நான்கும் ஒன்றுக்கொன்று அளவெடுத்துச் செய்தவை. குச்சியை மட்டும் பிரித்து எடுத்துக்கொண்டுபோய் நம் வீட்டுத் தட்டில் வைத்தால் அது வேலை செய்யாதது இயல்புதான். கொரியாவிலும் குச்சிதான், ஆனால் அங்கே கிண்ணம் மேசையைவிட்டு எழுவதில்லை, சோற்றுக்குக் கரண்டி தனியாக உண்டு என்று மகள் சொன்னாள்.

பரங்கித் துண்டு மிக நன்றாக இருந்தது. ஒன்றைக் குச்சியால் எடுத்து மகள் பக்கம் நீட்டினேன். வாங்கிக்கொள்ளக் குச்சியை நீட்டாமல் சட்டென்று தன் தட்டை முன்னால் நகர்த்தி, "இதில் வை, அம்மா" என்றாள். தெருவில் நடக்கும்போதுதான் காரணம் சொன்னாள். இங்கே உடலை எரித்தபின் உறவினர்கள் நீண்ட குச்சிகளால் எலும்புகளை எடுத்துச் சாம்பல் கலயத்தில் இடுகிறார்கள். இருவர் சேர்ந்து ஒரே எலும்பைப் பற்றுவதும், குச்சியிலிருந்து குச்சிக்கு மாற்றுவதும் அந்தச் சடங்குக்கு மட்டுமே உரியவை. சோற்றில் குச்சியைச் செங்குத்தாகக் குத்தி நிறுத்துவதும் இறந்தவருக்குப் படைக்கும் சோற்றுக்கே உரியது. நம் ஊரிலும் மறுநாள் சுடுகாட்டில் எலும்பு பொறுக்குகிறோம், பால் தெளிக்கிறோம். அதே வேலையைச் செய்த கையாலேயேதான் நாம் அன்றாடம் சோறும் உண்கிறோம், குளித்து முழுகிவிட்டு. இவர்கள் குளியலுக்குப் பதிலாகச் செய்கையைப் பிரித்து வைத்திருக்கிறார்கள்.

மாலை முழுக்க அறையில் பயிற்சி. கிண்ணத்தில் வேர்க்கடலை. இதை வழி என்று எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு இது பிடிக்கவில்லை. கடலை உருளும், விரல் நோகும். மேசையில் சோற்றோடு கற்றதில் பாதிகூட இதில் வரவில்லை.

ஜூன் 13, ரயிலில் பாதி நாள், இரவு ஒபாமா

கியோட்டோவிலிருந்து வடக்கே, பிவா ஏரியின் மேற்குக் கரையோரமாக ரயில் போகிறது. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் ஏரி. மலையிலிருந்து இறங்கும் காற்றுக்காக இந்த வழியில் ரயில்கள் நின்றுவிடுவது வழக்கமாம். இன்று காற்றும் மழையும் சேர்ந்துகொண்டதில் ஒரு சிறு நிலையத்தில் நின்றது நின்றதுதான். நடத்துநர் அடிக்கடி ஒலிபெருக்கியில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். பெட்டியில் ஒருவர் குரலை உயர்த்தவில்லை. கைப்பேசியில் பேசக்கூட யாரும் வாய் திறக்கவில்லை.

கியோட்டோ நிலையத்தில் வாங்கிய பெட்டிச் சாப்பாட்டை அங்கேயே பிரித்தோம். 1,200 யென். சோற்றுருண்டை, தாமரைத்தண்டு, முட்டை, ஒரு சேப்பங்கிழங்கு. கூடவே பிளந்துகொள்ளும் மரக்குச்சி. நான் அதை முகத்துக்கு நேரே செங்குத்தாகப் பிடித்து இழுக்கப் போனேன். எதிர் இருக்கையில் இருந்த மூதாட்டி தன் குச்சியை எடுத்துக் காட்டினார்: மடிமேல் கிடையாகப் பிடித்து, மேலும் கீழுமாக மெல்ல இழுக்கவேண்டும். அப்போது கை பக்கத்தில் இருப்பவரை இடிக்காது. பிளந்தபின் இரண்டையும் ஒன்றோடொன்று தேய்க்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. அது 'உங்கள் குச்சி மட்டமானது' என்று கடைக்காரரிடம் சொல்வதற்குச் சமம் என்று மகள் மொழிபெயர்த்தாள்.

சேப்பங்கிழங்கு அடுத்த சோதனை. வழுக்கும் உருண்டை. குத்தி எடுத்தால் எளிது; ஆனால் குத்தக் கூடாது. மூதாட்டி தன்னுடையதைக் குச்சி நுனிகளால் அழுத்தி விரித்தார். கிழங்கு இரண்டாகப் பிரிந்தது. வெட்டுவதற்கும் இதே குச்சிதான். தட்டையான முகம் கிடைத்ததும் எடுப்பது எளிதாகிவிட்டது. நான் அதேபோல் செய்தபோது அவர் தலையைச் சற்றே அசைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கற்பித்தது போதும், இனிப் பார்த்துக்கொண்டிருந்தால் எனக்குக் கூச்சமாக இருக்கும் என்று நினைத்திருப்பார்.

இந்த மரக்குச்சியைத் தூக்கிப்போட எனக்கு மனம் வரவில்லை. ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஒரு மரமா என்று மகளிடம் கேட்டேன். அவள் சொன்ன விவரம்: நாரா மாநிலத்து யோஷினோ மலைகளில் சுகி என்னும் ஊசியிலை மரத்தை அறுக்கும்போது ஓரத்தில் மிஞ்சும் துண்டுகளைச் சீவித்தான் இங்கே இதைச் செய்தார்கள். சாக்கே மதுப் பீப்பாய்களுக்கு மரம் தந்த காடு அது. தேநீர் ஆசான் சென் நோ ரிக்யூ விருந்து நாள் காலையில் யோஷினோ மரத்தைத் தானே சீவி விருந்தினருக்குக் குச்சி செய்ததாக ஒரு மரபுக் கதையும் உண்டு. மீந்த மரத்தில் செய்தால் எனக்கு மறுப்பில்லை. ஆனால் இன்று கடைகளில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை சீனாவிலிருந்து வருகின்றன என்றும் அவளே சொன்னாள். அதற்கு என்னால் சமாதானம் அடைய முடியவில்லை. குச்சியைக் கழுவித் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

ரயில் தாமதத்தால் ஓமி இமாசு நிலையத்தில் பிடிக்கவேண்டிய பஸ் போய்விட்டது. அடுத்ததற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல். நனைந்த குடையோடு ஒபாமா வந்து சேர்ந்தபோது இருட்டிவிட்டது. (ஆம், முன்னாள் அமெரிக்க அதிபர் பெயர்தான். 2008 தேர்தலின்போது இந்த ஊர்க்காரர்கள் அவருக்காகக் கொண்டாட்டமே நடத்தினார்கள்.) மீனவக் குடும்பம் நடத்தும் சிறு விடுதி. இரு வேளைச் சாப்பாட்டோடு ஆளுக்கு 11,000 யென். இரவு பசியில் என்ன உண்டேன் என்று எழுதும் நிலையில் இல்லை.

ஜூன் 14, ஒபாமா

ஃபுக்குயி மாநிலத்தின் தெற்கு ஓரத்தில், வகாசா விரிகுடாவில் இருக்கிறது இந்த ஊர். ஜப்பானில் விற்கும் அரக்குப் பூச்சுக் குச்சிகளில் 80 விழுக்காட்டுக்கு மேல் இங்கே செய்யப்படுபவை என்பது ஊரார் பெருமையோடு சொல்லும் கணக்கு.

காலையில் உணவுப் பண்பாட்டு அருங்காட்சியகம் போனோம். மாடியில் பட்டறை. வகாசா பூச்சு 17ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்திலிருந்து இங்கே நடக்கும் தொழில். மரத்தின்மேல் முட்டையோட்டுத் துணுக்கு, சிப்பிகளின் ஒளிரும் ஓடு, பைன் ஊசியிலை இவற்றைப் பதித்து, அதன்மேல் அரக்கை ஒரு பூச்சு, காய்ந்தபின் அடுத்த பூச்சு என்று ஏற்றிக்கொண்டே போகிறார்கள். கடைசியில் பதித்ததெல்லாம் பூச்சுக்குள் மறைந்து ஒரே நிறமாகிவிடும். அதற்குப் பிறகு கல்லாலும் கரியாலும் தேய்த்துத் தேய்த்து உள்ளே புதைந்ததை வெளியே கொண்டுவருகிறார்கள். நல்ல ஒரு ஜோடிக்கு மாதக்கணக்கில் ஆகும்.

வருகிறவர்களுக்குப் பூச்சு முடிந்த ஜோடியைத் தந்து தேய்க்கும் வேலையைக் கற்றுத் தருகிறார்கள். சுழலும் இயந்திரத்தில் குச்சியைச் சாய்த்துப் பிடித்தேன். கறுப்புக்கு அடியிலிருந்து சிவப்பு வந்தது, சிவப்புக்கு அடியிலிருந்து பச்சை. இன்னும் சற்று அழுத்தியபோது சிப்பியின் நீல ஒளி ஒரு புள்ளியாக எழுந்தது. எங்கே நிறுத்துவது என்பதுதான் கலை. அதிகம் தேய்த்தால் மரம் வந்துவிடும். பக்கத்தில் நின்ற கைவினைஞர் என் தோளைத் தொடாமல், இயந்திரத்தை நிறுத்தும் பொத்தானுக்கு அருகே மட்டும் தன் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

நீளம் எவ்வளவு வேண்டும் என்று அவர் கேட்டார். பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் செங்கோணமாக விரித்து, நுனிக்கு நுனி இருக்கும் தூரத்தை ஒன்றரை மடங்காக்கினால் அவரவர் கைக்குரிய நீளம். எனக்கு 21 சென்டிமீட்டர் வந்தது. மகளுக்கு 23. கியோட்டோவில் அவள் குச்சியை இரவல் வாங்கிப் பழகியபோது பின்பாரம் இழுத்ததன் காரணம் தெரிந்தது. இங்கே வீட்டில் ஒவ்வொருவருக்கும் தனிக் குச்சி, தனிச் சோற்றுக் கிண்ணம். தந்தையின் குச்சியை மகன் எடுப்பதில்லை. சீனக் குச்சியைவிட இது குட்டை. நடுவில் வைத்துப் பகிர்ந்துண்ணும் பெரிய தட்டை எட்டவேண்டிய தேவை இங்கே இல்லை. நுனி கூராக இருப்பது மீன் முள் எடுக்க வசதியாக என்கிறார்கள். அந்தக் கடைசிச் செய்தி மதியமே எனக்குப் பயன்பட்டது.

ஒபாமாவின் கடைத்தெருவில்தான் சபா சாலை தொடங்குகிறது. சபா என்பது நம் கானாங்கெளுத்திக்கு நெருங்கிய உறவு மீன். இங்கே கரையேறிய மீனை உப்புப் போட்டு, மலை வழியாகச் சுமந்துகொண்டு எழுபது கிலோமீட்டர் தொலைவிலுள்ள கியோட்டோவுக்கு நடந்தே கொண்டுபோனார்கள். போய்ச் சேரும் நேரத்துக்கு உப்புச் சரியாகப் பிடித்திருக்குமாம். கடலில்லாத தலைநகரம் மீன் உண்டது இப்படித்தான். இப்போது இந்தக் கடலில் சபா குறைந்துவிட்டது. கூண்டில் வளர்க்கிறார்கள், சாக்கே வடித்த சக்கையைத் தீனியாகப் போட்டு.

தடித்த மூங்கில் குச்சியில் முழு மீனைக் கோத்துச் சுடும் கடை அந்தத் தெருவில் இருக்கிறது. ஒரு மீன் 1,800 யென். விலை உறைத்தது. ஆனால் சுவை! எண்ணெய் கொதித்துத் தோல் மொறுமொறுத்து, உள்ளே சாறு வற்றாமல் இருந்தது. இஞ்சித் துருவலும் சோயாவும் தொட்டுக்கொள்ள. விடுதிக்கே எடுத்துவந்து உண்டோம். விடுதிக்கார அம்மாளுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். என்னை அவர் 'ஒகாசான்', அம்மா, என்றே அழைக்கிறார். நான் குச்சியோடு மீனைப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டு எதிரே மண்டியிட்டு உட்கார்ந்தார்.

தலை இடப்பக்கம் இருக்கவேண்டும். நடு முள் ஓடும் கோட்டில் குச்சி நுனியால் ஒரு கீறல். தலைப் பக்கத்திலிருந்து தொடங்கி வால் பக்கம் உண்டுகொண்டே போகவேண்டும். மேல்பாதி முடிந்ததும் மீனைப் புரட்டக்கூடாது. முள்ளுக்கு அடியில் குச்சியை நுழைத்து, இடக்கையால் ஒரு காகிதத் துண்டு வைத்துத் தலையை அழுத்திக்கொண்டு, தலையோடு முள்ளையும் ஒரே இழையாகத் தூக்கித் தட்டின் மேலோரத்தில் கிடத்தவேண்டும். பிறகு கீழ்ப்பாதி. சில்லறை முட்களைத் தட்டின் மூலையில் ஒரே குவியலாகச் சேர்க்கவேண்டும்.

நான் மீன் உண்டு வளர்ந்தவள். மத்தி, கானாங்கெளுத்தி, கெளுத்தி எதுவானாலும் இருட்டில்கூட முள் எடுத்துவிடுவேன். விரல் நுனிக்கு அது தெரியும். அந்தக் கண்ணை இழந்துவிட்டுக் குச்சியோடு மீனிடம் போவதற்குத்தான் இந்தப் பயணத்தில் நான் உண்மையாகவே தயங்கினேன். இன்று தெரிந்தது, குச்சி நுனியிலும் முள் தட்டுப்படுகிறது. மாமிசத்தின் மென்மை, முள்ளின் விறைப்பு, இரண்டும் அரை அடி மரத்தைக் கடந்து விரலுக்கு வருகின்றன. விலாப்பக்கத்து ஊசி முட்களை ஒவ்வொன்றாக நுனியால் பற்றி இழுத்தேன். விரலால் எடுத்தால் அந்த முள்ளோடு கொஞ்சம் மாமிசமும் பிய்ந்து வரும். இது முள்ளை மட்டும் எடுத்தது. மீனுக்காக இந்தக் குச்சி, என்று யாராவது என்னிடம் ஊரில் சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டேன்.

தட்டில் தலை, முள், வால் மட்டும் வரிசையாகக் கிடந்ததைப் பார்த்து அந்த அம்மாள் கைதட்டிவிட்டு உள்ளே போய் ஹெஷிகோ கொண்டுவந்தார். சபாவை உப்பிலும் பிறகு அரிசித் தவிட்டிலும் ஓராண்டு போல ஊறவைத்தது. காகிதத் தடிமனில் நாலைந்து துண்டுதான் வைத்தார். நல்ல கருவாட்டின் உப்பும் நெடியும். ஒரு துண்டுக்கு அரைக் கிண்ணம் சோறு போனது. மகளால் உண்ண முடியவில்லை. அவள் பங்கும் எனக்கே.

ஜூன் 15, எய்ஹேஜி, ஃபுக்குயி

'சாப்பாட்டை மறந்தாலும் குடையை மறக்காதே' என்று இந்தப் பக்கத்தில் ஒரு பழமொழி உண்டு. இன்று அதன் உண்மை தெரிந்தது. ஃபுக்குயி நிலையத்திலிருந்து பஸ்ஸில் மலையடிவாரம் போய் இறங்கியபோது குடையையும் மீறி முழங்கால் வரை நனைந்திருந்தோம்.

எய்ஹேஜி என்ற ஜென் பௌத்த மடத்தை 1244இல் நிறுவியவர் டோகென் துறவி. வானுயர்ந்த சுகி மரங்களுக்கு நடுவே மரத்தாலான மண்டபங்கள், அவற்றை இணைக்கும் கூரையிட்ட படிக்கட்டுகள். இளந்துறவிகள் வெறுங்காலோடு அவற்றைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். சமையல் மண்டபத்தின் முன்னால் ஆளைவிட உயரமான மர மத்து ஒன்று நிறுத்தியிருக்கிறது. அதைத் தடவினால் கைமணம் கூடும் என்பது நம்பிக்கை. நானும் தடவினேன்.

துறவிகள் உண்பதும் உறங்குவதும் தியானிப்பதும் ஒரே மேடையில், ஆளுக்கு ஒரு பாய் அகலத்தில். ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் கிண்ணங்கள், ஒரு கரண்டி, ஒரு ஜோடிக் குச்சி, எல்லாவற்றையும் ஒரு துணியில் முடிந்து வைத்துக்கொள்கிறார்கள். உண்டு முடித்ததும் அதே கிண்ணத்தில் வெந்நீர் வாங்கிக் கழுவுகிறார்கள். எப்படி உண்ணவேண்டும் என்பதற்கென்றே டோகென் 1246இல் ஒரு விதிநூல் எழுதினார்: சோற்றின் நடுவில் குடையாதே, ஓசை எழுப்பாதே, பக்கத்தவர் கிண்ணத்தைப் பார்த்து மனம் கசக்காதே.

அந்த நூலில் ஒரு பகுதியை மகள் பஸ் நிறுத்தத்தில் எனக்குப் படித்துப் பொருள் சொன்னாள். புத்தரும் அவருடைய சீடர்களும் வலக்கையால் சோற்றை உருட்டித்தான் உண்டார்கள். கரண்டியோ குச்சியோ பயன்படுத்தவில்லை. பேரரசர்களும் கையால்தான் உண்டார்கள். அது மேன்மையான முறை என்று அறிந்துகொள்ளுங்கள். அங்கே இந்தியாவில் நோயுற்ற பிக்குகள் மட்டுமே கரண்டி எடுத்தார்கள். குச்சியின் பெயரைக்கூட அந்த நாட்டில் கேட்டதில்லை. நாம் இந்த நாட்டு வழக்கத்தைப் பின்பற்றிக் குச்சியால் உண்கிறோம். இவ்வளவையும் சொல்லிவிட்டுத்தான் டோகென் குச்சிக்கான விதிகளுக்குப் போகிறார்.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. எண்ணூறு ஆண்டுகளுக்கு முன், இந்த மழைக்காட்டில், இந்தியாவையே பார்த்திராத ஒருவர் நம் கைச்சோற்றுக்கு இத்தனை மரியாதை தந்து எழுதியிருக்கிறார். ஜப்பானியர்களும் முன்பு கையால்தான் உண்டார்கள் என்பதற்கு 3ஆம் நூற்றாண்டுச் சீன வரலாற்றுக் குறிப்பே சான்று. குச்சி பிறகு ஆசியப் பெருநிலத்திலிருந்து வந்தது. நாராவின் பழைய அரண்மனை அகழாய்வில் மரக்குச்சிகள் கிடைத்திருக்கின்றன. இன்றும் சோற்றுருண்டையைக் கையால் உண்கிறார்கள், சுஷியைக் கையால் எடுத்தாலும் யாரும் முகம் சுளிப்பதில்லை. கையால் உண்பதை ஏதோ கீழான பழக்கம் என்று நம்மிடமே சொல்ல வருகிறவர்களுக்கு இந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டவேண்டும் என்று மகளிடம் நகல் கேட்டிருக்கிறேன்.

மடத்து வாசல் கடையில் எள் டோஃபு. எள்ளை அரைத்துக் கிழங்கு மாவோடு கிண்டியது, மேலே இனிப்பு மிசோ. மீன் சேராத மடத்துச் சமையல் என்பதால் சைவர்கள் தயங்காமல் உண்ணலாம். குச்சியை அழுத்தினால் வெட்டுப்படும், தூக்கினால் நழுவும். கிண்ணத்தை இடக்கையில் எடுத்தேன், யாரும் சொல்லாமலே.

மாலையில் ஃபுக்குயி திரும்பி ஒரோஷி சோபா. குளிர்ந்த சோபா (பக்வீட் மாவு) இழைமேல் முள்ளங்கித் துருவலும் சாறும் ஊற்றித் தருவது. முள்ளங்கி மூக்கைப் பிளக்கும் காரம். இரண்டு கிண்ணம் 1,100 யென். உறிஞ்சும் ஓசை கடை முழுக்க. மடத்தில் ஓசை கூடாது, இங்கே ஓசைதான் ருசி. நானும் உறிஞ்சினேன், இழையோடு காற்றும் போகும்போதுதான் சோபாவின் மணம் தெரிகிறது. கடைசியில் சோபா வேகவைத்த நீரைத் தனிக் குவளையில் கொண்டுவந்தார்கள். மீதிச் சாற்றில் கலந்து குடிக்க. மகள் இன்னொரு கிண்ணம் கேட்டாள், நானும் கேட்டேன். கியோட்டோவுக்கு எட்டு மணி வண்டி. நாளை அவள் ஆய்வகம் போய்விடுவாள், நான் மட்டும் முதல் நாள் உடோன் கடைக்குப் போகப்போகிறேன், என் சொந்த 21 சென்டிமீட்டர் குச்சியோடு.